பின்சீட்டுக்காரர்கள்

தம்பியின் சட்டையில் கழுத்துப் பொத்தானைப் போடுவதா வேண்டாமா என்று அக்கா தடுமாறிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அந்தப் பொத்தானை அவன் போட்டதே இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்து அனுப்பியிருந்தார்கள். மூச்சு அந்த வழியாகத்தான். பொத்தானைப் போட்டால் முட்டும். இனி முட்டுவதற்கு மூச்சு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, விரல்கள்தான் கேட்கவில்லை. போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். கடைசியில் கழற்றியே விட்டு, துளையை மறைக்கும் வெள்ளைத் துணியை வழக்கம்போல் மேலே கட்டிவிட்டாள்.

தம்பியின் மகள் கைபேசியோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். துக்கத்திலும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித்தான் சொல்வாள். வண்டி ஒன்றரைக்கு வருகிறது, தகனக் கூடத்தில் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்தாகிவிட்டது, அத்தை இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. அக்கா கடைசியில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணி ஒன்பதரை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் போயிருந்தான்.

இருபத்தைந்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். அவன் குரல் கொடுத்தால் படியில் தொங்குகிறவன் தானாக உள்ளே போய்விடுவான் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். குழம்பில் உப்பு குறைந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மனைவி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, பெண்ணை வளர்க்க என்று வந்த அக்கா, 'கொஞ்சம் மெதுவாப் பேசேண்டா' என்று அவனிடம் சொல்லாத நாளே கிடையாது. சொன்னதற்கெல்லாம் சேர்த்து ஆறு வருடம் சத்தமில்லாத வீட்டை அனுபவித்தாயிற்று. இன்று வீட்டில் இருந்த அமைதி அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மூன்று தெரு தள்ளி மரப்பட்டறை வைத்திருக்கும் தச்சர். தம்பியைப் போலவே குரல்வளை எடுக்கப்பட்டவர். சட்டைப்பையில் டார்ச் விளக்கு மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார். அதைக் கழுத்தில் அழுத்தி வாயை அசைத்தால், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு பேச்சு வரும். அது எல்லோருக்கும் கைவராது, எல்லோராலும் வாங்கவும் முடியாது. தம்பி அதை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து, பெட்டியோடு அவருக்குக் கொடுத்துவிட்டான்.

தச்சர் கூடத்துக்குள் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். தெரிந்து வந்தவர் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கையில் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி இருந்தார், எதையோ காட்டிப் புகார் சொல்ல வந்தவர் போல. அப்புறம் மெதுவாக அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தம்பியின் காலடியில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. குரல்வளை இல்லாதவர்களின் அழுகை அப்படித்தான் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"பின்சீட்டு... ரெண்டு நாளா ஓடல. அதான்... பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள்.

"எங்க ஆளுங்களுக்கு?" என்று கேட்டார் தச்சர்.

மகள் அத்தையைப் பார்த்தாள்.

பின்சீட்டு என்பது தம்பி நடத்திய இணையதளம். வேலையை விட்டு வீட்டில் முடங்கிய முதல் வருடம், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கம்ப்யூட்டர்க்காரர் ஒருவரிடம் எழுதிக்காட்டி எழுதிக்காட்டியே கற்றுக்கொண்டான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சாமான் அறையில், அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, அதிலேயே தளத்தை நிறுவி ஓடவிட்டான். யாருடைய தயவும் வேண்டாம், எல்லாம் நம் வீட்டுக் கரண்டில் ஓடட்டும் என்பது அவன் பிடிவாதம். குரல் போனவர்கள் அங்கே வந்து பேசிக்கொள்வார்கள். துளையை எப்படிச் சுத்தம் செய்வது, மழையில் எப்படி வெளியே போவது, மனைவி நம்மைச் செவிடு என்றும் நினைத்துக்கொண்டு கத்துகிறாளே, என்ன செய்வது. இருநூற்றுப் பத்து பேர். புதிதாக யார் வந்தாலும் தம்பி ஒரே வரியைத்தான் எழுதுவான்: உள்ள வாங்க, நடுவுல இடம் இருக்கு.

தச்சரைத் தவிர மற்றவர்களில் ஒருவருடைய போன் நம்பரும் வீட்டில் கிடையாது. போனில் பேச முடியாதவர்கள் எதற்கு நம்பர் கேட்டுக்கொள்ளப் போகிறார்கள்? சொந்தப் பெயர்கூடத் தெரியாது. எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான். இவனுக்கு அங்கே பெயர் கண்டக்டர். தளம் ஓடினால்தான் அவர்களுக்குச் செய்தி போகும். ஓடாவிட்டால், இரண்டு மணிக்கு அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகும் அவர்கள் 'கண்டக்டர் எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா அத்தை?" என்றாள் மகள்.

அக்கா எழுந்து சாமான் அறைக்குப் போனாள்.

கெட்டுப்போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள்தான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் பரவியது நிறைய ஆகிவிட்டது, இனி முடிந்தவரை தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தூங்கினால்தானே? கண் திறந்தால் கைபேசி. எவனுக்கோ சளி அடைத்துக்கொண்டது, எவளோடோ மகன் சண்டை போட்டான், எல்லோருக்கும் பதில். விரல் நடுங்க நடுங்க எழுதுவான். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் மூண்டது. இருக்கிற கொஞ்சம் மூச்சையும் ஊரான் வாங்கிக்கொண்டு போகிறானே என்று தோன்றியது. ஒரு ராத்திரி தூங்கட்டும், காலையில் மாட்டிவிடலாம் என்றுதான் பிடுங்கினாள்.

காலையில் மாட்டவில்லை. அவன் உண்மையிலேயே கொஞ்சம் தூங்கியிருந்தான். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் எழுத்துப்பலகையை எடுத்து எழுதினான்: 'தளம் ஓடல. ரூம்ல பெட்டி லைட் எரியுதா பாரு.' அவள் சாமான் அறை வாசல்வரை போனாள். இருட்டான அலமாரியைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். திரும்பி வந்து, "எரியுதுடா" என்றாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். லைட் எரிந்தும் தளம் ஓடவில்லை என்றால் வேறு என்ன பழுது என்று சாயங்காலம் முழுக்க யோசித்துக்கொண்டே கிடந்தான். பலகையில் ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தான். விடியற்காலையில் போய்விட்டான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒருத்தனிடமும் சொல்லவில்லை.

பிளக்கை மாட்டினாள். விசிறி முனகியது, லைட் எரிந்தது. பின்னாலேயே வந்த தச்சர் தன் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஓடவில்லை. பெட்டி எழுந்தாலும் தளம் தானாக எழாது, அதைக் கையால்தான் எழுப்பவேண்டும் என்று அலமாரியில் கிடந்த நோட்டுப்புத்தகம் சொன்னது. தம்பியின் நோட்டு. முதல் பக்கத்தில் கடவுச்சொல், இரண்டாம் பக்கத்திலிருந்து, என்ன நடந்தால் என்ன தட்டவேண்டும் என்பது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. அது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. முப்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துத் தேறியவள்.

படிக்கத் தொடங்கியதும்தான் திடுக்கிட்டாள். தம்பி அதைத் தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தான், பழைய பேச்சிலேயே. 'டேய், அவசரப்படாதே. டிக்கெட் கிழிக்கிற வேகத்துல என்டர் தட்டாதே.' 'இந்த இடத்துல திட்டும். பயப்படாதே, அது சும்மா கத்தும், உன்னை மாதிரி.' ஆறு வருடமாகக் கேட்காத குரல். பலகையில் அவளுக்கு எழுதியதெல்லாம் 'தண்ணி', 'போதும்', 'ஜன்னல்' என்று ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும். இத்தனை பேச்சும் இங்கே கிடந்திருக்கிறது. கோபம்கூட வந்தது அவளுக்கு. என்னிடம் ஒரு நாளாவது இப்படி எழுதியிருக்கலாம் அல்லவா?

மேஜையில் இருந்த கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சுட்டுவதற்குப் படமோ அமுக்குவதற்குப் பொத்தானோ எதுவும் கிடையாது. ஒவ்வொரு கட்டளையும் எழுத்து பிசகாமல் தட்டவேண்டும். தளத்தை எழுப்பும் கட்டளையைத் தட்டினாள். திரை மடமடவென்று ஏதேதோ கொட்டிவிட்டு நின்றது. மருந்துச் சீட்டு படித்த ஆங்கிலத்தில் அவளுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: பூட்டு இருக்கிறது, உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

நோட்டைப் புரட்டினாள். 'பிளக்கைப் பிடுங்கினால்' என்று ஒரு பக்கம் இருந்தது. அந்தத் தலைப்பை அவள் இரண்டு தடவை படித்தாள்.

'டேய், நிதானம். திடீர்னு கரண்டு போனா, எல்லார் பேச்சையும் வெச்சிருக்கிற பெட்டகம் தன் பூட்டை எடுக்காமலே செத்துப்போகும். மறுபடி எழுப்பினா, அந்தப் பூட்டைப் பாத்துட்டு, பழைய ஆள் இன்னும் உள்ள இருக்கான்னு நெனச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கும். பூட்டுக்குள்ள ஒரு எண் இருக்கும். அந்த எண்ல யாரும் உயிரோட ஓடலன்னு முதல்ல பாத்துக்கோ. அப்புறம் பூட்டை அழி. பூட்டை மட்டும்.'

அதற்கும் கீழே சிவப்பு மையில்: 'நட்சத்திரக் குறி போடாதே, போட்டா எல்லாத்தையும் சேத்து அழிச்சிடும். போன தடவை போட்டியே, மூணு வாரம் எழுதினது எல்லாம் போச்சே, மறந்துட்டியா? ஒருத்தர் அதுல செத்துப்போன பொண்டாட்டியப் பத்தி எழுதியிருந்தார்.'

அக்கா கையைத் தட்டெழுத்துப் பலகையிலிருந்து எடுத்தாள். இந்தப் பெட்டிக்குள் ஆறு வருடப் பேச்சு இருந்தது. தம்பியின் பேச்சு மொத்தமும் அதில்தான். ஓர் இடைவெளி பிசகினால், அவன் வாயை இன்னொரு தரம், இந்த முறை இவளே மூடிவிடுவாள்.

மருந்துக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான மருந்து என்றால் ஒருவரே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒருவர் சீட்டைப் படிக்க, இன்னொருவர் எடுக்க, எடுத்தவர் புட்டியைப் பார்த்துத் திருப்பிப் படிக்க, முதலாமவர் சரி என்று சொன்ன பிறகுதான் அது மேஜையைத் தாண்டும். அவள் நோட்டைத் தச்சரிடம் கொடுத்து விவரம் சொன்னாள். தச்சருக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மரத்தை ஒருமுறை அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது என்று தெரிந்தவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருவியைக் கழுத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் தட்டினாள். பிறகு அவள் திரையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிப் படித்தாள். சரியாக இருந்தால் அவர் விரலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். அதன் பிறகுதான் என்டர்.

பூட்டுக்குள் இருந்த எண்ணை எடுத்தார்கள். அந்த எண்ணில் யாராவது ஓடுகிறார்களா என்று கேட்டார்கள். திரையில் தலைப்பு வரி மட்டும் வந்தது. அடியில் ஒன்றுமே இல்லை.

"யாரும் இல்ல" என்றாள் அக்கா. தச்சர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பூட்டை அழிக்கும் வரியை மூன்று தடவை திருப்பிப் படித்தாள். மூன்று தடவையும் மேஜை தட்டப்பட்டது. என்டர். தளத்தை எழுப்பும் கட்டளையை மறுபடி தட்டினாள். இந்த முறை திரை நிறையக் கொட்டவில்லை. நான்கு வரி, நான்கிலும் ஒரே சொல். ஓடுகிறது. தச்சர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பின்சீட்டு திறந்திருந்தது.

அப்போதுதான் வெளியே காத்திருந்தவை உள்ளே வரத்தொடங்கின. அவர்கள் மெயில் வழியாகவும் தளத்துக்கு எழுதுவார்கள். பெட்டி அணைந்து கிடந்தால் மெயில் தொலைந்துபோகாது, சில நாள் வெளியிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் என்று நோட்டில் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எழுபத்துமூன்று. 'கண்டக்டர், வண்டி ஏன் நிக்குது?' 'கண்டக்டர், உடம்பு முடியலையா?' 'யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்களேன்.' அக்கா நாலைந்துக்கு மேல் படிக்கவில்லை.

'எல்லோருக்கும் சொல்ல' என்று நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. செய்தியை ஒரு கோப்பில் எழுதி, ஒரு கட்டளை கொடுத்தால் இருநூற்றுப் பத்து பேருக்கும் போய்விடும். அனுப்புநர் பெயர் கண்டக்டர் என்றுதான் போகும். அதை மாற்றும் வழி நோட்டில் இல்லை. 'போனது போனதுதான், திரும்பக் கூப்பிட முடியாது, யோசிச்சு அனுப்பு' என்று மட்டும் இருந்தது.

அவள் எழுதினாள். கண்டக்டர் இன்று காலை ஐந்து மணிக்கு இறந்துவிட்டார். தகனம் மதியம் இரண்டு மணிக்கு. இடத்தையும் வழியையும் எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். விரல் நிற்கவில்லை. இரண்டு நாளாகத் தளத்தை அணைத்து வைத்தது நான்தான். அவன் தூங்கட்டும் என்று செய்தேன். லைட் எரிகிறதா என்று கேட்டான். எரிகிறது என்று பொய் சொன்னேன். உண்மை தெரியாமலே போய்விட்டான். இப்படிக்கு அவன் அக்கா.

காப்பியோடு வந்து பின்னால் நின்ற மகள் அதைப் படித்துவிட்டாள். டம்ளரை அலமாரியில் வைத்தாள்.

"இது எதுக்கு அத்தை? யாருக்கும் தெரிய வேணாம். எனக்கே தெரியாது."

"அவன் பேர்ல போகுதுடி" என்றாள் அக்கா. "அவன் பேர்ல போறதுல இன்னொரு பொய் வேணாம்."

மகள் கூடத்துக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா வழக்கப்படி முதலிலிருந்து திருப்பிப் படித்தாள். இறந்த நேரம். தட்டு. இடம், வழி. தட்டு. அடுத்த வரிகளைப் படித்துவிட்டுக் காத்திருந்தாள். தட்டு வரவில்லை. தச்சர் அவளைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த இரண்டு நாளில் ஐந்தாறு தடவை எழுதியிருப்பார். விசிறி முனகிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். வெகுநேரம் கழித்து, மெல்ல, விரல் மேஜையில் பட்டது. என்டர் தட்டியபோது மணி பதினொன்று நாற்பது.

தகனக் கூடத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது சொந்தக்காரர்களும், பழைய டிரைவர்கள் இரண்டு பேரும், பக்கத்து வீட்டுக்காரர்களும் மட்டும் இருந்தார்கள். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரம் போதவில்லை, நேற்றே பிளக்கை மாட்டியிருந்தால் விடிந்ததுமே செய்தி போயிருக்கும். அந்த நினைப்பை அவளால் விரட்ட முடியவில்லை.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. கழுத்தில் சாம்பல்நிறத் துணி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். பின்னாலேயே, கடை உடையோடு, மாவு படிந்த கையோடு ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். வருடக்கணக்காகப் பேசிக்கொண்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மாவுக் கைக்காரர்தான் முதலில் கைபேசியில் தன் பட்டப்பெயரைப் பெரிதாகத் தட்டி நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார்: 'ஓட்டைப்பானை'. பெரியவர் அவரைக் கட்டிக்கொண்டு தன்னுடையதைக் காட்டினார்: 'நைட் டூட்டி'. கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய எல்லோர் நெஞ்சிலும் ஒரு பெயர் வெளிச்சமாக நின்றது. முப்பத்தேழு பேர். சத்தமே இல்லை. சொந்தக்காரர்கள் விலகி இடம் விட்டார்கள்.

கூடத்துப் பொறுப்பாளர் தினம் நாலைந்து பேரை அனுப்புகிறவர். தம்பியை உலைக்குள் போகும் தண்டவாளத்தின் மேல் வைத்த பிறகு, எல்லோரிடமும் சொல்வதைத்தான் இவர்களிடமும் சொன்னார்.

"யாராவது ரெண்டு வார்த்தை பேசறதா இருந்தா பேசலாம். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு."

யாரும் பேசவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்டார். இவ்வளவு பேர் வந்து ஒருவரும் வாய் திறக்காதது அவருக்குச் சங்கடமாக இருந்தது. தச்சர் முன்னால் வந்து கருவியைக் கழுத்தில் வைத்தார். அழுகையில் உதடு கோணிக்கொண்டதால் பேச்சு வரவில்லை, ரீங்காரம் மட்டும் வந்தது. கருவியை அணைத்துவிட்டு, கைபேசியில் ஏதோ தட்டி, அதை அக்காவிடம் நீட்டினார். அவளுக்கு உடனே புரிந்தது. மேஜையில் திருப்பிப் படித்த மாதிரி, எழுத்து விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"கண்டக்டர், உங்க வீட்டுச் சாமான் ரூம் கதவு உரசுது. இழைச்சுத் தரேன்னு மூணு மாசமா சொல்லிட்டிருந்தேன். நாளைக்கு வரேன்."

நைட் டூட்டி தன்னுடையதை நீட்டினார்.

"ஆபரேஷன் முடிஞ்ச நாலாவது நாள், செத்துப்போலாம்னு இருக்குன்னு எழுதினேன். உள்ள வாங்க, நடுவுல இடம் இருக்குன்னு பதில் போட்டீங்க. சிரிச்சுட்டேன். தையல் பிரிஞ்சு மறுபடி போட்டாங்க. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு."

பழைய டிரைவர் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில இரண்டு சொல், சில ஒரு பக்கம். அவளுக்குத் தொண்டை வறண்டது. மகள் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் படித்தாள். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் நீலத்துணி. நெஞ்சுக்கு முன்னால் அவள் பெயரைக் காட்டவில்லை. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துக் கைபேசியை நீட்டினாள். அக்கா வாங்கி முதல் வரியைப் படித்ததும் நின்றுவிட்டாள். கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மாற்றியும் படிக்கலாம். வேறு யாருக்கும் திரை தெரியாது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

"திங்கட்கிழமை எனக்கு மறுபடி கட்டி வந்திருக்குன்னு சொன்னாங்க. வீட்டுல யாருக்கும் இன்னும் தெரியாது. முதல்ல கண்டக்டர்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டினேன், திறக்கல. அவர் தூங்கணும்னு நீங்க முடிவு பண்ணீங்க. அவர்கிட்ட கேக்கல, எங்ககிட்டயும் கேக்கல. நீங்க செஞ்சது தப்பு. அவருக்கும் தப்பு, எனக்கும் தப்பு. இதை நான் மறக்க மாட்டேன்."

ஒரு சொல்லையும் விடவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்; நகரவில்லை. திரையைக் குனிந்து பார்த்து ஏதோ தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள், கொஞ்சம் நீளமாக, அதையும் அழித்தாள். அவள் கழுத்துத் துணி வேகவேகமாக ஏறி இறங்கியது. பொறுப்பாளர் நெம்புகோலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கைபேசியை மறுபடியும் அக்காவிடம் நீட்டினாள். திரையில் ஒன்றும் இல்லை. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, எழுதாமல் விட்டதையும் படிப்பவள் போல, மற்ற ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொண்ட அதே நேரம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.